உப்புத் தண்ணீரின் கைவரிசை

கழுவக் கழுவக் கார் பெயின்டில் வெள்ளைப் புள்ளிகள் கூடுவது ஏன்? சேலத்திலிருந்து களமசேரி வரை ஓடும் ஒரு நெடுஞ்சாலையின் தண்ணீர்க் கதை.

கறுப்பு நிறக் கார் வாங்கியவர்களுக்குத்தான் இந்த வேதனை முழுதாகப் புரியும். காலையில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி நிறுத்திய வண்டி, நண்பகலில் அம்மை வார்த்த மாதிரி நிற்கிறது. பானெட், கூரை, டிக்கி என்று வெயில் படும் இடமெல்லாம் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் இன்னும் அதிகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் புள்ளிகள் இன்னும் கூடுகின்றன. பிறகு தொடங்குகிறது பரிசோதனைப் படலம். பாத்திரம் தேய்க்கும் நார், மண்ணெண்ணெய், பற்பசை, கடைசியில் குளியலறை ஆசிட். அதற்குள் புள்ளி போயிருக்கிறதோ இல்லையோ, பெயின்டின் பளபளப்பு போய்விடுகிறது.

சொந்த உபயோகத்துக்கு வண்டி வைத்திருப்பவருக்கு இது மனவருத்தம். டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கும், பழைய கார் வாங்கி விற்பவருக்கும் இது பணம். பெயின்ட் மங்கிய வண்டிக்குச் சந்தையில் யாரும் முழு விலை தருவதில்லை. ஒரு பானெட்டைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். அப்படியும் கம்பெனி பெயின்டின் உறுதி திரும்பி வராது.

இத்தனைக்கும் குற்றவாளி, வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்தான்.

நெடுஞ்சாலையில் மாறும் தண்ணீர்

இந்தத் தண்ணீர் விவகாரத்தைப் புரிந்துகொள்ள 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. சேலத்தில் புறப்பட்டு ஈரோடு, கோவை மாவட்டங்களைக் கடந்து, வாளையாறில் கேரளத்துக்குள் நுழைந்து, பாலக்காடு, திருச்சூர், ஆலுவா வழியாகக் கொச்சியை அடைகிற சாலை இது. கொச்சியின் வடக்கு வாசலில் இருப்பது களமசேரி. எச்.எம்.டி. தொழிற்சாலை, டயர் ஆலை, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 2017இல் வந்த மெட்ரோ ரயில் என்று பரபரப்பான தொழில் நகரம். ஆலுவாவுக்கும் இடப்பள்ளிக்கும் நடுவே சாலையின் இரு பக்கமும் கார் ஷோரூம்கள், பணிமனைகள், வாட்டர் சர்வீஸ் நிலையங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

இந்தச் சாலையின் கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் தண்ணீரின் குணம் வேறு. சேலம், ஈரோடு, கோவை வட்டாரத்தில் மழை குறைவு. பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும் நிலத்தடி நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து வைத்துக்கொள்கிறது. கோவையை அடுத்த மதுக்கரையில் சிமென்ட் ஆலைக்குத் தீனி போடும் அளவுக்குச் சுண்ணாம்புப் பாறையே இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் அலுத்துக்கொள்வது அதனால்தான். சிறுவாணித் தண்ணீருக்குக் கோவையில் இருக்கும் மரியாதையும் அதனால்தான். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். மலைக்காட்டில் பெய்த மழை, சுண்ணாம்பு அதிகம் சேராமலேயே குழாய்க்கு வந்துவிடுகிறது.

கணவாயைத் தாண்டினால் கதை மாறுகிறது. கொச்சிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. செம்புரைக்கல் மண்ணிலிருந்து கரையக்கூடிய உப்புகளைப் பெருமழை எப்போதோ அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் பொதுவாக மென்மையானது. அப்படியானால் களமசேரியில் வெள்ளைப் புள்ளிப் பிரச்சினையே இருக்கக்கூடாதே? இருக்கிறது. காரணங்கள்தான் வேறு.

இரண்டுக்கும் ஒரே பெயர்

தமிழில் நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகளை அழைக்கிறோம். ஒன்று, கடலோரத்தில் கரிக்கும் சவர்த் தண்ணீர். அதில் இருப்பது பெரும்பாலும் சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. இன்னொன்று, உள்நாட்டு போர்வெல்களில் வரும் கடின நீர். அதில் இருப்பவை கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள். நாக்குக்கு இரண்டும் ‘உப்பு’. கார் பெயின்டுக்கு இரண்டும் வேறு வேறு நோய்.

கொச்சிக்குச் சவர்த் தண்ணீர் பழைய பகை. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, வைப்பின் பகுதிகளைச் சுற்றி காயலும் கடலும் இருந்தும் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். பெரியாற்றங்கரையின் சொவ்வரையிலிருந்து எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மன்னராட்சிக் காலத்தில் வந்ததற்குக் காரணம் அதுதான். தண்ணீரின் குணம் தெரியாமல் சலவைத் தொழில் செய்ய முடியாது. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடையை வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் ஃபோர்ட் கொச்சியின் ‘தோபி கானா’வில் இன்றும் துணி துவைத்துக் கஞ்சி போட்டு உலர்த்துகிறார்கள். சோப்பு நுரைத்தால் நல்ல தண்ணீர், திரிந்தால் கெட்ட தண்ணீர். சலவைத் தொழிலின் இந்த அரிச்சுவடி, வேதியியல் பாடப்புத்தகத்துக்கும் முந்தையது.

கோடையில் பெரியாற்றின் ஓட்டம் குறையும்போது ஏற்றத்தின் வேகத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் களமசேரிக்கு அடுத்த ஏலூர் பகுதியில், பாதாளத்திலும் மஞ்ஞும்மலிலும் மதகுப் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. குழாய்த் தண்ணீர் போதாத அடுக்குமாடிகள் டேங்கர் லாரியையும் போர்வெல்லையும் நம்புகின்றன. டேங்கரில் வந்தது எந்த ஊர்த் தண்ணீர் என்று காருக்குத் தெரியாது. பெயின்டில் மட்டும் பதிந்துவிடும். வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே ரோ-ரோ படகில் போய்வரும் வண்டிகளின் மேல் உப்புக் காற்றும் படிகிறது.

களமசேரிக்குப் பிரத்யேகமான இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கத்திலேயே ஏலூர்-எடையார் தொழிற்பேட்டை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, கிரேட்டர் கொச்சிக்கு 75.08 கிடைத்தது. 70ஐத் தாண்டினாலே ‘மிக மோசமாக மாசுபட்ட பகுதி’. இம்மாதிரி இடங்களில் காற்றிலுள்ள தூசியும் புகைக்கரியும் வண்டியின் மேல் படிகின்றன. இரவுப் பனியும் சிறு தூறலும் அவற்றைக் கரைத்துக் குழம்பாக்குகின்றன. காலை வெயில் அதைக் காயவைக்கிறது. மழைநீர் மென்மையானது என்றாலும் மழைக்குப் பிறகு புள்ளி விழுவதன் ரகசியம் இதுதான். கொட்டும் மழை வண்டியைக் கழுவிவிடும், தூறல் கறைப்படுத்திவிடும்.

மிஞ்சுவது என்ன?

தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்தது ஆவியாகாது. முழு விஷயமும் இவ்வளவுதான். கடின நீரில் கால்சியம் பெரும்பாலும் பைகார்பனேட் வடிவில் கரைந்திருக்கிறது. துளி சூடாகி வற்றும்போது கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் மிஞ்சுகிறது. அதாவது சுண்ணாம்புக்கல். கெய்சருக்குள்ளும் டீ கெட்டிலின் அடியிலும் படிகிற அதே வெள்ளை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர் விதிப்படி (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. ஆனால் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அட்டவணையில் 180ஐத் தாண்டினாலே ‘மிகக் கடின நீர்’. ஆக, தாராளமாகக் குடிக்கத் தகுந்த தண்ணீர்கூடக் காரின் மேல் காயத் தகுந்ததல்ல.

ஒரு சிறு கணக்கு. கழுவி முடித்ததும் வண்டியின் மேல் அரை லிட்டர் தண்ணீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர்வெல் நீர் என்றால், துடைக்காமல் விடும் ஒவ்வொரு முறையும் கால் கிராம் சுண்ணாம்பு பெயின்டில் படிகிறது. வாரம் ஒரு முறை கழுவினால் ஆண்டுக்கு 13 கிராம். துளி ஓரத்திலிருந்து சுருங்கி வற்றுவதால் அது சீராகப் பரவாமல் வளையங்களாகச் சேர்கிறது.

நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து பெயின்டைப் பொசுக்கிவிடுகிறது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. சமதளத்தில் ஒட்டியிருக்கும் துளியில் ஒளி குவியும் புள்ளி பரப்புக்குக் கீழேதான் விழும். வழுவழுப்பான இலைகளின் மேல் தங்கும் துளிகள் இலையைக் கருக்குவதில்லை என்று 2010இல் ஹங்கேரி விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்னார்கள். வெயில் செய்யும் கெடுதல் வேறு: அது துளியை வேகமாக வற்றவைத்து அதிலுள்ள உப்பையும் காரத்தையும் செறிவாக்குகிறது; சூட்டில் இளகிய பெயின்டுக்குள் அவை அரித்து இறங்க வழி செய்கிறது.

இன்றைய கார்களின் பெயின்ட் பல அடுக்கு. எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். நிறத்துக்கு மேலே கண்ணாடி போலப் பூசப்படும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம்கூட இல்லை. வெள்ளைப் புள்ளியோடு நடத்தும் சண்டை முழுவதும் இந்த மெல்லிய தோலின் மேல்தான் நடக்கிறது. தோல் போனால் திரும்பி வளராது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மருந்து தேடும் முன் உங்கள் தண்ணீர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பழைய முகக்கண்ணாடித் துண்டு போதும். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் நாலைந்து துளிகளை அதன் மேல் விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளை வட்டமே விழவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. விழுந்தால், ஈர விரலால் தேயுங்கள். உடனே கரைந்து போனால் அது சோடியம் உப்பு. போகாவிட்டால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஓரிரு நிமிடம் பொறுங்கள். கரைந்தால் சுண்ணாம்பு. அதற்கும் அசையவில்லை என்றால் ஜிப்சம் வகைக் கால்சியம் சல்பேட்டோ சிலிக்காவோ இருக்கலாம். அதுதான் பிடிவாதக்காரன்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர், கரைந்துள்ள மொத்த உப்பைத் தோராயமாகச் சொல்லும். சமையல் உப்பா சுண்ணாம்பா என்று பிரித்துச் சொல்லாது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கேரளத்தில் வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

அடுக்குமாடிவாசிகள் கவனிக்க வேண்டிய நாலாவது கறை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அடித்தள பார்க்கிங்கின் கான்கிரீட் கூரை விரிசல் வழியாகச் சொட்டும் நீர். சிமென்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் இது கடுமையான காரம். பானெட்டில் விழுந்து காற்றுப் பட்டதும் கல்லாக இறுகிவிடும். இந்தச் சொட்டு விழும் இடத்தில் ஒரு நாள்கூட வண்டியை நிறுத்தாதீர்கள். விழுந்துவிட்டால் அன்றே கழுவுங்கள்.

புள்ளியைப் போக்க

வைத்தியம் எளிதிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும். பலர் தலைகீழாக, முதலிலேயே ரப்பிங் காம்பவுண்டைக் கையில் எடுக்கிறார்கள்.

முதல் படி: வண்டி நிழலில், தொட்டால் சுடாமல் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரும் கார் ஷாம்புவும் கொண்டு மணலும் தூசியும் போகக் கழுவுங்கள். மணல் என்பது குவார்ட்ஸ். கிளியர் கோட்டைவிட எத்தனையோ மடங்கு கடினம். காய்ந்த துணியால் தூசியோடு தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்றுதான். கடலோரத்துச் சவர் உப்புக் கறை இந்தப் படியிலேயே போய்விடும். ஆனால் அதை நாளைக்கு என்று ஒத்திப்போட்டால் அடிப்பக்கத்து இரும்பைத் துருவுக்குத் தாரை வார்த்ததாகும்.

இரண்டாம் படி, சுண்ணாம்புக்கு: மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். அதில் அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்குதான். அதையும் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யுங்கள். முதலில் கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். பிறகு மென்மையான துணியை நனைத்துக் கறையின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் போர்த்தி வையுங்கள். காயவிடக் கூடாது. தேய்க்காமல் மெல்லத் துடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டு மறுபடி அலசுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை செய்யுங்கள், செறிவைக் கூட்டாதீர்கள். வினிகர் மெழுகையும் நீக்கிவிடும். ஆகவே கடைசியில் வாக்ஸ் போட வேண்டும். பளபளக்கும் அலுமினியப் பட்டைகள், மேட் பெயின்ட் ஆகியவற்றின் பக்கம் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாம் படி: விரலால் தடவினால் இன்னும் சொரசொரப்பு தட்டுகிறதா? ‘கிளே’ என்ற பெயரில் விற்கும் செயற்கைக் களிமண் கட்டி உதவும். ஷாம்பு நீரை வழுக்கலுக்குத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் தேய்த்தால் ஒட்டியிருப்பதைப் பிடுங்கி எடுத்துவிடும். கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்து உபயோகிக்கும் சிக்கனம் வேண்டாம். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கீறல் போட.

நாலாம் படி: பரப்பு வழுவழுப்பாகிவிட்டது, ஆனாலும் புள்ளியின் நிழல் தெரிகிறது என்றால் பெயின்ட் அரிக்கப்பட்டுவிட்டது. அங்கே இருப்பது பள்ளம். பள்ளத்தை எந்த அமிலமும் தூர்க்காது. சுற்றியுள்ள கிளியர் கோட்டை பாலிஷ் போட்டுச் சமன் செய்வதுதான் ஒரே வழி. ஒவ்வொரு பாலிஷும் அந்த 35-50 மைக்ரானில் கொஞ்சத்தைத் தின்கிறது. மெஷின் பாலிஷ் போடும் முன் பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று பணிமனையில் கேளுங்கள். மாதா மாதம் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக வைத்திருப்பதாகப் பெருமைப்படுபவர், உண்மையில் மாதா மாதம் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடிக்குத் தனி மருந்து. வினிகருக்கு மசியாத கறைக்குக் கண்ணாடி பாலிஷ் செய்யும் சீரியம் ஆக்ஸைடு பொடி உண்டு. அதைப் பெயின்டில் படவிடக் கூடாது.

குளியலறை ஆசிட் அறவே கூடாது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை நொடியில் கரைக்கும். கூடவே உலோகத்தையும் அரிக்கும், கழுவுபவரின் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும், வினிகரைக்கூட, சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

வராமல் தடுக்க

வைத்தியத்தைவிடப் பத்தியம் மலிவு. பத்தியத்தின் முதல் விதி: தண்ணீரை வண்டியின் மேல் காயவிடாதீர்கள். எப்படிப்பட்ட போர்வெல் தண்ணீரும், துணி உறிஞ்சிக்கொண்டால் கறை விடாது. வெயில் ஏறும் முன் அல்லது மாலையில், நிழலில் கழுவுங்கள். முழு வண்டிக்கும் சோப்பு போட்டுவிட்டுப் பிறகு அலசுவதற்குப் பதிலாக, கூரை, பானெட், கதவுகள் என்று பகுதி பகுதியாக முடியுங்கள். பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்து இழுத்தால் பெரும்பங்கு நீர் அதிலேயே வந்துவிடும். கண்ணாடி மடிப்பு, கதவுக் கைப்பிடி இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீர் பிறகு வழிந்து கோடு போடும். அங்கேயும் துணியை விடுங்கள்.

இரண்டாவது விதிதான் பலருக்குத் தெரியாதது. கறையைத் தீர்மானிப்பது கடைசியாக ஊற்றும் தண்ணீர். முதலில் அழுக்குப் போகக் கழுவுவது போர்வெல் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை. முடிவில் அரை வாளி நல்ல தண்ணீரால் மேலிருந்து மெதுவாக ஊற்றி அலசினால், உப்பு நீர் வெளியேறி நல்ல நீர் மட்டும் மிஞ்சுகிறது. அது காய்ந்தாலும் பெரிதாகச் சேதமில்லை. ஐம்பது லிட்டர் உப்புத் தண்ணீரால் முடியாததை ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் சாதிக்கும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கூரையில் பிடித்த மழைநீர் முதல் தரம். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஒரு டிரம்மில் தனியாகப் பிடித்து வடிகட்டி வைத்தாலே வண்டிக்கு ஆகும். முதல் மழையின் அழுக்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் இரண்டாவது. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் சுண்ணாம்பு இல்லை. கொச்சி, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் ஒரே நாளில் சில லிட்டர் சேர்ந்துவிடும். துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு உபயோகிக்கலாம்.

ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் விஷயத்தில் ஜாக்கிரதை. வீணாகிறதே என்று அதைச் சேர்த்துக் கார் கழுவும் சிக்கனக்காரர்கள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீரும் மூன்று லிட்டர் கழிவும் வருகிறது என்றால், நான்கு லிட்டரின் உப்பு முழுவதும் மூன்று லிட்டரில் இருக்கிறது. கடினத்தன்மை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. டயர், சக்கரக் குழி, முற்றம் கழுவ அது போதும். பெயின்டுக்கு வேண்டாம்.

வீட்டுக்கு ‘சாஃப்ட்னர்’ பொருத்தியவர்களும் ஒன்றை அறிய வேண்டும். அது உப்பை எடுப்பதில்லை. கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை மாற்றி வைக்கிறது. புள்ளி விழத்தான் செய்யும். ஆனால் ஈரத்துணியில் கரைந்து போகும் புள்ளி.

வாக்ஸ் போடுவதால் கறை பெயின்டைத் தொடாமல் மெழுகோடு நிற்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டால் நல்லது. இப்போது பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் செராமிக் கோட்டிங்கும் பெயின்டுக்கு மேல் ஒரு கவசம்தான். ஆனால் ‘இனி கறையே விழாது’ என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்பினால் ஏமாற்றம் நிச்சயம். அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு புள்ளி.

தண்ணீரின் விலை

காருக்கு நல்ல தண்ணீரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயம்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கார் கழுவுவது கண்ணை உறுத்தும். 2024 மார்ச்சில் பெங்களூர் வறண்டபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரின் குடிநீர் வாரியம் அறிவித்தது. 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டையும் யாரும் மறந்துவிடவில்லை.

ஆனால் வெள்ளைப் புள்ளிக்கு எதிரான வழியும் தண்ணீர்ச் சிக்கனத்தின் வழியும் ஒன்றாகவே இருப்பது வசதியான தற்செயல். ரப்பர் ஹோஸைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஓடும். கால் மணி நேரத்தில் 150 லிட்டர். அவ்வளவு ஊற்றியும், துடைக்காவிட்டால் புள்ளி நிச்சயம். சோப்புக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி, கடைசியில் அரை வாளி மழைநீர் அல்லது ஏ.சி. நீர், இரண்டு சுத்தமான துணி. மொத்தம் நாற்பது லிட்டருக்குள் வேலை முடியும். தூசி மட்டுமே படிந்த நாளில் இதுகூடத் தேவையில்லை.

வாளியோடு வரும் தொழிலாளிக்கும் இதில் பங்குண்டு. ஒரே வாளித் தண்ணீரில் பல வண்டிகளைத் துடைக்க வேண்டியிருப்பது அவருடைய விருப்பமல்ல. கட்டடத்தில் அவருக்குக் காட்டப்படும் குழாய் பெரும்பாலும் போர்வெல் குழாய்தான். இரண்டாவது வாளி, இரண்டு நல்ல துணி, மழைநீர் டிரம்மின் சாவி ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு வேலையை எதிர்பார்ப்பதே முறை. நூறு கார்கள் நிற்கும் அடுக்குமாடியில் சங்கம் முடிவெடுத்தால் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய ஏற்பாடு இது.

காரை விட்டுவிட்டுப் பார்த்தாலும் புள்ளிகள் சொல்லும் சேதி பெரிது. பானெட்டில் தெரிகிற சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியாமல் கெய்சரின் காயிலிலும் சோலார் ஹீட்டரின் குழாய்களிலும் ஷவரின் துளைகளிலும் படிந்துகொண்டிருக்கிறது; மின்சாரக் கட்டணமாகவும் பிளம்பர் கூலியாகவும் வந்து நிற்கிறது. கடற்கரை ஊரில் போன ஆண்டு எலுமிச்சைக்குக் கரைந்த கறை, இந்த ஆண்டு வெறும் ஈரவிரலுக்கே கரைகிறது என்றால், உங்கள் போர்வெல்லுக்குள் கடல் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது கூப்பிட வேண்டியது பாலிஷ் போடுபவரை அல்ல; தண்ணீர் பரிசோதிப்பவரை.